தண்ணீர்ச் சத்தம் கேட்டால்

என் மகள் படிக்கும் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை வகுப்பு இருக்கும் நாட்களில் பெற்றோரில் யாராவது ஒருவர் வந்து, பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேச வேண்டும். ஏலத்தில் மீன் எடுப்பவர், டிரெய்லர் லாரி ஓட்டுபவர், ஆஸ்பத்திரி ஆயா என்று வந்தவர்கள் எல்லாம் தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். என் வேலை துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களின் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புவது. அதைப் பற்றிப் பேசினால் எனக்கே தூக்கம் வந்துவிடும். அவள் படிக்கும் ஆறாம் வகுப்பில் அப்போது உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வது பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. குளிர் நாடுகளில் குச்சியும் மண்ணும் வைத்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி வாழும் பீவரைப் பற்றிப் பேசட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பிராணியின் மேல் ஒரு பிரியம். பேசுவதற்காக ஒரு வாரம் வாசித்தேன்.

பலகையில் படத்தை ஒட்டியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், இது எங்கூட்டாண்ட நெறைய கீது. பெருச்சாளி."

"வால பாருடா, தோசக் கரண்டி மாரி கீது," என்றான் அடுத்தவன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டிலிருந்து ஒரு தாம்பாளத்தில் களிமண் பரப்பி, நடுவில் ஓடை கீறி எடுத்துப் போயிருந்தேன். பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். ஓடி விளிம்பில் போய் நின்றது. பிறகு குச்சிகளையும் மண்ணையும் குறுக்கே வைத்து மறுபடி ஊற்றினேன். தண்ணீர் தேங்கிப் பரவியது. இந்தக் குளத்துக்கு மீன் வரும், மீனுக்காகக் கொக்கு வரும், தவளை முட்டையிடும், தண்ணீர் மெல்ல மண்ணில் இறங்கும், கோடையிலும் ஈரம் இருக்கும் என்று சொன்னேன். ஒரு பிராணி தனக்கு வீடு கட்டப் போய் எத்தனை பேருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறது பாருங்கள் என்றேன்.

என் மகள் கையைத் தூக்கினாள். வகுப்பில் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, "சார், அணையில ஓட்ட வுழுந்தா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்துச் சிரித்தாள்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். பீவருக்குத் தண்ணீர் ஓடும் சத்தமே ஆகாது. எங்காவது கசிகிற சத்தம் கேட்டால் போதும், இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் அடைக்கும் என்றேன். பிள்ளைகள் பேச்சில்லாமல் கேட்டார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் வாசித்திருந்தேன். பீவர் கட்டிய குளம் ஏறி வந்து பக்கத்து வயலையும் வீட்டையும் மூழ்கடிப்பதுண்டு. அங்கே இருக்கும் மனிதர்கள் அணையின் நடுவே ஒரு குழாயைச் செருகி, தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். கதை அந்த இடத்தில் முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

எங்கள் சந்து திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிறது. சந்தின் கோடியில் இருப்பது இட்லி சுட்டு விற்கும் ஓர் அக்காவின் வீடு. அதுதான் பள்ளம். அதைத் தாண்டி ஒரு திறந்த வாய்க்கால், சந்துத் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு பெரிய கால்வாய்க்குப் போகும். ஐப்பசி பிறந்தால் எல்லா வீட்டு வாசலிலும் மணல் மூட்டை அடுக்கிவிடுவோம். அவரவர் வாசலை அவரவர் அடைப்பது இங்கே வழக்கம். அடைத்த தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை, அது கோடி வீட்டுக்குத்தான் போகும் என்பது தெரிந்ததால்.

வகுப்பு நடந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு மாலை மகள் ஓடி வந்தாள்.

"நைனா, கொக்கு வந்துச்சு."

நான் ஆபீஸ் போனில் இருந்தேன். "சரிம்மா, சரிம்மா," என்றேன்.

"ரெண்டு வந்துச்சு நைனா. நெசமா."

ஏதோ படம் வரைந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கையை ஆட்டி அவளை அனுப்பிவிட்டேன். அவளும் நான்கைந்து சிநேகிதிகளும் வாய்க்காலின் குறுக்கே செங்கல், கிழிந்த மணல் மூட்டை, மீன் வைக்கும் தெர்மகோல் பெட்டி, யாரோ தூக்கிப் போட்ட பழைய வலை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று எழுந்து போய்ப் பார்த்திருந்தால் அந்தக் கொக்கையும் பார்த்திருப்பேன்.

மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட ஒரு நாள். நானும் வீட்டில்தான் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், மழை கொஞ்சம் விட்டது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் தலையைச் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டாள். பிறகு எழுந்து போனாள். பாத்ரூமுக்குப் போகிறாள் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி, "பாப்பா எங்க? வாசல்ல ஒரு மூட்ட காணோம் பாரு," என்றாள்.

கொக்கு வந்ததாக அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வாய்க்காலுக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். வாய்க்காலில் அவள் மார்பு வரை நின்று, இரண்டு கையாலும் அணையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஓரம் பிய்ந்து தண்ணீர் அதன் வழியே சீறிக்கொண்டிருந்தது. அவள் கால் அந்தப் பழைய வலையில் மாட்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள். நான் இறங்கி, குனிந்து, தண்ணீருக்குள் தடவி வலையைப் பிய்த்தேன். வலை இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்ததில் நேரமாயிற்று. அந்த நேரம் எவ்வளவு என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு செருப்பு போனது, கால் வந்தது.

கரையில் ஏற்றியதும் அவளை அறைந்தேன்.

"யாரு சொன்னது உன்ன இத்த பண்ண சொல்லி?"

"நீதான நைனா சொன்ன," என்றாள். அழவில்லை. "தண்ணி சத்தம் கேட்டா ஓடிப்போய் அடைக்கும்னு."

பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். இரண்டு பேருமாக அணையை உடைத்தோம். தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. அதற்குள் கோடி வீட்டில் கிரைண்டரும் அரிசி மூட்டையும் நனைந்துவிட்டன. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எந்த வூட்டு புள்ளைங்க பண்ண வேல இது? மழ பண்றது போதாதுன்னு இதுங்க வேறயா?"

ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் குனிந்து உடைந்த செங்கற்களை ஓரமாக எடுத்துப் போட்டேன்.

"நான்தான் அத்த," என்றாள் என் மகள்.

"படிச்ச வூட்டு புள்ள செய்ற வேலயா இது? ஒங்கப்பனுக்கு இஸ்கோல்ல கூப்ட்டு கைத்தட்னாங்களாமே. உனுக்கு இன்னா கத்துக் குடுத்தாரு?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஈரத் தலையோடு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அக்காவிடம் சொல்ல எனக்கு ஐந்து வாரமாயிற்று. ஒரு காலையில் இட்லி வாங்கப் போய், முன்னால் நின்றவர்கள் போகும் வரை காத்திருந்து, "அந்த அணைய கட்ட சொல்லிக் குடுத்தது நான்தான்க்கா. அவ மேல தப்பில்ல," என்றேன். அவள் இட்லித் துணியை உரித்துக்கொண்டே, "இத்த வந்து இப்ப சொல்ற. அன்னிக்கு அந்தப் புள்ள ஒத்தயா நின்னுதே," என்றாள். சட்னியைக் கட்டிக் கொடுத்தாள். காசை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, அக்காவிடம் சொல்லிவிட்டதை மகளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். சொல்ல ஆரம்பித்தாயிற்று, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அந்தக் குழாயைப் பற்றியும் சொன்னேன். அணைக்குள் குழாய் எப்படிப் போகும், தண்ணீர் எந்த அளவில் நிற்கும் என்று அவளுடைய நோட்டில் வரைந்தே காட்டினேன். கவனமாகப் பார்த்தாள்.

"இது உனுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் நோட்டை மூடவில்லை. தட்டை இழுத்து இட்லியைப் பிட்டாள். வெளியே மறுபடி தூறல் போட்டது. தகரக் கூரையிலிருந்து வழிகிற சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். அவள் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.