கைக்குள் திணித்த சாவி

அலாவுதீன் ராவுத்தர் வலிப்பு தெளிந்து கண் திறக்கும்போதெல்லாம் அவர் கையில் யாருடைய சாவியாவது இருக்கும். வலிப்பு வந்து விழுகிறவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பதில் மட்டாஞ்சேரிக்கு ஒரே கருத்து. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. அவர் பஜார் ரோட்டில் தள்ளாடி உட்கார வேண்டியதுதான், "தாக்கோல்! ஆருடெயெங்கிலும் கையில் தாக்கோலுண்டோ?" என்று நாலு திசையிலிருந்தும் குரல் கிளம்பிவிடும். மடியிலிருந்து ஒருவன், அரைஞாணிலிருந்து ஒருவன் என்று ஆளுக்கொரு சாவியை உருவி அவர் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்வார்கள். தெளிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். சாவி மட்டும் அவரிடம் தங்கிவிடும்.

ஒருமுறை ஒரு சைக்கிள் கடைச் சாவி. இன்னொரு முறை சுள்ளிக்கல் அரிசிக் கடைக்காரனுடையது. அவன் அன்றைக்குக் கடையைப் பூட்ட முடியாமல் வாசலிலேயே படுத்துக் கிடந்தான். பள்ளுருத்தியிலிருந்து சந்தைக்கு வந்த எவனோ ஒருவனுடைய வீட்டுச் சாவியைக் கொடுக்க ராவுத்தர் அங்கே வரைக்கும் நடந்துபோய், வீடு வீடாகப் பூட்டைப் பார்த்து விசாரித்துவிட்டு வந்தார்.

ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டுக்குள் நுழைந்தவுடன் மனைவி சுல்ஃபத் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் கையைப் பார்ப்பாள்.

"இது யாரோட சாவி?"

"எவனோடதோ. சாயாவைக் கொடு, குடிச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரேன்."

வேலூர் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லியனுப்பியது வேறு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், கையிலும் வாயிலும் ஒன்றும் வைக்கக் கூடாது. இதை அவர் கடை கடையாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் பணிவாகத் தலையாட்டினார்கள். அடுத்த முறையும் சாவியைத்தான் கொடுத்தார்கள். ராவுத்தருக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. சாவி இல்லாததுதான் அவருடைய வியாதியே என்பது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஏனென்றால் அவர் சாவிக்காரர். பஜார் ரோட்டில் வெங்கிடாசலம் முதலாளியின் மிளகு, சுக்குக் கிடங்கான பாண்டிகசாலையில் மூட்டை தைக்கிற பையனாகச் சேர்ந்தவர், யுத்தம் முடிந்த வருஷம் சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் மாட்டினார். அகலமான பச்சை பெல்ட், அதில் ஒரு இரும்பு வளையம், வளையத்தில் ஆறேழு சாவிகள். காலையில் கதவு திறப்பதும் அந்தியில் பூட்டுவதும் அவர்தான். முதலாளியே ஆனாலும் ராவுத்தர் வந்து திறக்கிற வரைக்கும் வாசலில் நிற்க வேண்டும். அவர் நடந்து வருகிற சத்தம் கேட்டாலே, பேசிக்கொண்டிருக்கிற பெண்கள் சுக்கு பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் பூட்டுத் திறக்கிற கைதான் வியாதியை முதலில் காட்டிக்கொடுத்தது. பூட்டைப் பிடித்திருந்த இடது கையின் கட்டைவிரல் ஒருநாள் தன்பாட்டுக்குத் துடித்தது. பிறகு விடிந்தால் தலைவலி, வாந்தி. யாரோ ஜின் என்றார்கள், யாரோ கண்ணேறு என்றார்கள். சுல்ஃபத் தர்கா தர்காவாகப் போய் நூல் வாங்கிக் கட்டினாள். கடைசியில் எறணாகுளத்தில் ஒரு டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மூளையில் கட்டி இருக்கிறது, உடனே வேலூருக்குப் போ என்றார்.

ஹார்பர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வெங்கிடாசலம் முதலாளியே வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. மெட்ராஸ் மெயில் புறப்படுகிற நேரத்தில் ராவுத்தர் இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி ஜன்னல் வழியாக நீட்டினார்.

"திரும்பி வந்து வாங்கிக்கிறேன் மொதலாளி."

"வெச்சிருக்கேன் ராவுத்தரே. நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க."

முதலாளியின் கண் கலங்கியிருந்தது. திரும்பி வரமாட்டான் என்று நினைக்கிறவர்தான் இப்படி அழுவார் என்று ராவுத்தருக்குப் பட்டது. அந்தக் கோபத்திலேயே அவர் காட்பாடி வரைக்கும் தூங்கவில்லை.

வேலூரில் தலையை மழித்தார்கள். மண்டையில் துளை போட்டு உள்ளே காற்றை ஏற்றிப் படம் எடுத்தார்கள். பஸ் டயருக்குக் காற்றடிக்கிற மாதிரி என்று பின்னால் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அன்றைக்குச் சிரிக்கவில்லை, உம்மாவைக் கூப்பிட்டுக் கதறினார். பிறகு மண்டையைத் திறந்து நெல்லிக்காய் அளவு கட்டியை எடுத்தார்கள். கெட்ட ஜாதிக் கட்டி இல்லை, உனக்கு ஆயுசு இருக்கிறது என்றார் பெரிய டாக்டர். ஆனால் கட்டி இருந்த இடத்தில் தழும்பு இருக்கும், அது சும்மா இருக்காது, வலிப்பு வரும், மாத்திரையை விடக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, தண்ணீரில் தனியே இறங்கக் கூடாது. "மத்தபடி எழுந்து நட. வேலைக்குப் போ" என்றார்.

எழுந்து நடந்தார். இடது கை பாதிதான் சொன்னபடி கேட்டது. பொத்தான் போட அரை நாழிகை ஆயிற்று. மாத்திரை தின்றால் பகலெல்லாம் தூக்கம், ஈறு வேறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வந்தது. மண்டையில் எலும்பு எடுத்த இடம் குழிந்து, தொட்டால் மெத்தென்றிருந்தது. சுள்ளிக்கல் நாவிதன் ஒச்சப்பன் கத்தியை அந்தக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, "எனக்குப் பேடியாக்கும், ராவுத்தரே" என்று பின்வாங்கினான். ராவுத்தர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தானே குழியைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். "இங்க இல்ல, இந்த ஓரத்துல. மண்டை என்னோடது, எனக்கே பயமில்ல, உனக்கென்னடா பேடி?"

ஊர் அவரைப் பார்க்க வந்த விதம் அதைவிட மோசம். மௌத்து விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள். அவர் எதிரிலேயே சுல்ஃபத்திடம், "சாப்பிடுறாரா? ஆளை அடையாளம் தெரியுதா?" என்று கேட்டார்கள். "உன்னை நல்லாத் தெரியுது. போன நோம்புக்கு வாங்கின குடையை எப்போ தருவே?" என்று அவரே பதில் சொன்னார். அதற்கப்புறம் கூட்டம் கொஞ்சம் குறைந்தது.

அவர் எதற்கும் அசரவில்லை, முதலாளி ஸ்டூலைக் காட்டிய நாள் வரைக்கும். அன்றைக்குப் பச்சை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, வெறும் கொக்கியோடு பாண்டிகசாலைக்குப் போய் நின்றார். சாவி வளையம் முதலாளியின் இடுப்பில், வேட்டி மடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாசல்ல ஸ்டூல் போட்டிருக்கேன், ராவுத்தரே. வெறுதே, சும்மா உட்கார்ந்தா மதி. சம்பளத்துல ஒரு குறையும் வராது."

"சாவி?"

"அது இங்கயே இருக்கட்டும். உள்ள ஒரே இருட்டு. மூட்டை அடுக்கின அட்டிக்கு அடியில நீங்க விழுந்து கிடந்தா உங்க பீவிக்கு நான் என்ன ஜவாப் சொல்றது?"

"வலிப்பு வர்றதுக்கு முன்னால கட்டைவிரல் ஆடும், மொதலாளி. உட்கார நேரம் கிடைக்கும். நான் அட்டியில ஏறப்போறதில்ல. பூட்டைத் திறக்கப்போறேன், அவ்வளவுதான்."

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பயந்தது உண்மைதான். ஆனால் காலையில் கதவு திறக்கிற முகம் வலிப்புக்காரன் முகமாக இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது என்று யாரோ ஓதியிருந்ததும் உண்மைதான்.

"மண்டையத் திறந்து பார்த்தவரே என்னை எழுந்து நடன்னு சொன்னாரு. நீங்க உட்காருங்கிறீங்க. ஸ்டூலை வேற யாருக்காவது போடுங்க."

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்தில் பாய் பாயாகச் சுக்கு காய்ந்துகொண்டிருந்தது; பெண்கள் வரிசையாகக் குந்தி அதைக் கிளறிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் நேரே போய் அவர்களுக்கு நடுவில் குந்தினார். பெண்கள் செய்கிற வேலை. அதுவரை எந்த ஆணும் அந்தப் பாயில் கை வைத்ததில்லை. பஜாரே எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"இது நல்லால்ல, அண்ணே. நீங்க எங்களுக்கெல்லாம் மேல மூப்பன் மாதிரி இருந்த ஆளு" என்றாள் சந்தனமாரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வருஷக்கணக்காக அங்கே சுக்குப் பொறுக்குகிறவள் அவள்.

"சாவி வர்ற வரைக்கும் இதுதான். தள்ளி உட்காரு."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சொன்னபடி கேட்காத இடது கையால் வேண்டுமென்றே சுக்கைப் புரட்டினார். முதலாளி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வெறும் கொக்கியைத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டார். முதலாளிக்கு மானம் போயிற்று. ஆனாலும் சாவியைத் தரவில்லை. சாவியைச் சுமந்து பழகாத அவர் எதையும் நம்பாமல், சாப்பிடப் போகும்போதெல்லாம் பாண்டிகசாலையைப் பூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்.

மீன மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் கடல் பக்கம் திடீரென்று கறுத்தது. கோடை மழை. முதலாளி பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஈரக் கையோடு ஓடி வந்தார். முற்றம் முழுக்கச் சுக்கு. கதவோ பூட்டிக் கிடந்தது. பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு கதவடியில் குவிந்தார்கள். முதலாளி வளையத்தைக் கையில் எடுத்து, பதற்றத்தில் எது எந்தச் சாவி என்று பிடிபடாமல் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

அந்த நேரம் பார்த்து ராவுத்தரின் கட்டைவிரல் ஆடியது.

"வருது" என்றார் அவர். தலையிலிருந்த பாயை இறக்கி வைத்தார். சுவரோரம் போய் உட்கார்ந்தார். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். அவ்வளவுக்கும் நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் கை இழுத்தது.

"இரும்பு! யாராவது இரும்பு கொடுங்க!" என்று சந்தனமாரி அலறினாள். பெண்கள் யாரிடமும் சாவி இல்லை. ஸ்டேஷனில் வழியனுப்பிய நாள் முதலாளிக்கு நினைவு வந்ததோ என்னவோ, "அய்யோ ராவுத்தரே!" என்று மண்டியிட்டு, கையிலிருந்த வளையத்தை அப்படியே ராவுத்தரின் வலது கைக்குள் திணித்து விரல்களை மூடினார். விரல்கள் இறுகிக்கொண்டன.

மழை பிடித்தது.

அப்புறம்தான் முதலாளிக்குத் தாம் செய்தது உறைத்தது. கதவு பூட்டியிருக்கிறது, சாவி அந்தக் கைக்குள் இருக்கிறது. ஒரு விரலை நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை.

"தொடாதீங்க மொதலாளி! கொடுத்த இரும்ப நடுவுல புடுங்கினா உசிருக்கே ஆகாது!" என்று சந்தனமாரி அவர் கையைத் தட்டிவிட்டாள். முதலாளி கையைத் தட்டிவிட்டோம் என்பது அவளுக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே எல்லாரும் நனைந்துகொண்டு நின்றார்கள். சுக்கும் நனைந்தது. பெண்கள் தங்கள் முந்தானையால் பாய்களை மூடினார்கள். முதலாளி தம் மேல்துண்டை எடுத்து ராவுத்தரின் மண்டைக் குழியின் மேல் மழை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

இழுப்பு நின்றது. ராவுத்தர் கண் திறந்தார். வழக்கம்போல உள்ளங்கையில் இரும்பு குத்தியது. எவன் சாவியோ என்ற பழைய எரிச்சலோடு விரலைப் பிரித்துப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். பற்கள் தேய்ந்த பெரிய சாவியைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதார்.

"தாங்க ராவுத்தரே, கதவைத் திறக்கணும்" என்று முதலாளி கை நீட்டினார்.

வலிப்புக்குப் பிறகு ராவுத்தருக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மாட்டேன் என்று ஆட்டினார். சந்தனமாரியின் தோளைப் பிடித்து எழுந்தார். கால் நடுங்கியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. கதவருகே போய், சரியாக வராத இடது கையால் பூட்டைத் தாங்கி, வலது கையால் பெரிய சாவியை விட்டுத் திருப்பினார். திறந்தது. பெண்கள் ஓ என்று கத்திக்கொண்டு பாய்களோடு உள்ளே ஓடினார்கள்.

அந்தியில் அவரேதான் பூட்டினார். முதலாளி பக்கத்தில் நின்று, சாவியை வாங்க மறுபடி கையை நீட்டினார். ராவுத்தர் வளையத்தைப் பச்சை பெல்ட்டின் கொக்கியில் மாட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டார். நீட்டிய கையால் முதலாளி ஈரத் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"காலையில நேரத்துக்கு வந்துருங்க."

"நான் என்னைக்கு நேரம் தப்பினேன்?" என்றார் ராவுத்தர்.

வீட்டில் சுல்ஃபத் அவர் நனைந்த சட்டையையும் கலங்கிய கண்ணையும் பார்த்து, வலிப்பு வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். கையைப் பார்த்தாள், காலியாக இருந்தது. அப்புறம்தான் இடுப்பில் சத்தம் கேட்டது.

"இது யாரோட சாவி?" என்றாள், வழக்கம்போல.

"என்னோடது" என்றார் அலாவுதீன் ராவுத்தர். "சாயாவைக் கொடு. இன்னைக்கு எங்கேயும் போக வேண்டியதில்ல."