டைல்ஸ் கடை மாடியில் ஒரு சோக நாடகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆங்கில இலக்கியம் நடத்துகிற வேலையில், பாதி வகுப்பு தூங்கும். மீதி வகுப்பு தூங்காதது போல உட்கார்ந்திருக்கும். சாக்பீஸ் பிடித்துப் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் வகுப்பு கும்மிடிப்பூண்டியில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் நடக்கிறது. அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கிற பதினோரு பேர், எல்லோரும் தொழிற்சாலை ஆட்கள். போன வருஷம் எங்களுக்கு வாய்த்த பாடம் ஒரு பழைய ஆங்கில சோக நாடகம். பகையாளிக் குடும்பங்கள் இரண்டு, ஆளுக்கொரு பிள்ளை, அந்தப் பிள்ளைகளுக்குள் காதல், கடைசியில் சாவு. சோழவரத்தில் நான் பஸ் ஏறும்போது ஏரிமேல் பனி கிடக்கும். வகுப்புக்குள் நுழைந்த பிறகும் அது கலையாத மாதிரி, எல்லா முகமும் கொஞ்சம் மங்கலாகவே தெரியும்.

மூடிய கண்

முதல் நாள் முரண் அணி நடத்தினேன். நாடகத்தின் தொடக்கத்தில் காதல் தலைக்கேறிய ஒருவன், சேரவே சேராத சொற்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துப் புலம்புவான். "மனசு ரெண்டு பக்கமும் இழுக்கும்போது பேச்சும் அப்படித்தான் வரும். உங்க வாழ்க்கையில இருந்து ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றேன். கீழே கடையில் யாரோ டைல்ஸைத் தட்டிப் பார்க்கிற ஓசை மட்டும் எங்கிருந்தோ வருவது போல வந்துகொண்டிருந்தது.

முன்பெஞ்சில் முனிரத்தினம். ஆரணிப் பக்கம் நெல் வயல் வைத்திருப்பவர். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். வயது நாற்பத்தைந்து. ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்தவரின் கண்கள் மூடியிருந்தன. மேஜையை மெல்லத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"தூங்கல மேடம். கண்ணத் தொறந்துகினு தூங்கினது ஷிப்ட்ல. இப்ப கண்ண மூடிக்கினு முழிச்சினு இருக்கேன்."

வெளிச்சம்

அடுத்த வாரம் உருவகம். காதலியைப் பார்த்த மாத்திரத்தில் நாயகன் அவளை வெளிச்சம் என்கிறான். வெளிச்சம் மாதிரி என்றால் உவமை, வெளிச்சமே என்றால் உருவகம். நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே அந்த மாடி முழுக்க ஒரு மஞ்சள் ஒளி பரவிய மாதிரி இருந்தது.

செல்வி கையைத் தூக்கினாள். பழவேற்காடு ஏரியோர மீனவக் குப்பத்துப் பெண், முப்பது வயது, கார் ஹெட்லைட் செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. விளக்கை எரியவிட்டு, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பவள்.

"வெளிச்சத்த தூர நின்னு பாத்தா அழகாத்தான் மேடம் இருக்கும். கிட்ட வெச்சிப் பாத்தாதான் குறை தெரியும். இந்தப் பையன் இன்னும் பாக்கவே ஆரம்பிக்கல."

கண்ணு

பாத்திரம் பிரித்து வாசிக்கவைக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. செல்விக்கு நாயகி. அவளை வளர்த்த தாதிக்குக் கலா. கலாவும் ஏரியோரத்தில் இன்னொரு குப்பம். செல்வியோடு அதே கம்பெனி, அதே லைன், அதே வேன். ஆனால் வகுப்பில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்காருவார்கள். அதை நான் அதுவரை கவனித்ததில்லை. காதலன் சொல்லி அனுப்பிய சேதியைச் சொல்லாமல் தாதி இழுத்தடிக்கிற காட்சி அது. செல்வி கெஞ்ச வேண்டும், கலா கொஞ்ச வேண்டும். கலா ஆங்கிலத்தில் தடுமாறியதால், "தமிழ்லயே சொல்லும்மா, நம்ம ஊட்டுல எப்படிக் கூப்பிடுவோம்?" என்றேன். அவள் புத்தகத்தைத் தூக்கிப் பாதி முகத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு காற்றுக்குக் கேட்கிற அளவில் "கண்ணு" என்றாள். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடிப்பு நன்றாக வந்துவிட்டதென்று நான்தான் கைதட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் எங்கள் படிப்பு மையத்தின் பொறுப்பாளர் தாமோதரன் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"வல போடற எடத் தகராறுல அந்த ரெண்டு குப்பமும் மூணு வருஷமா பேச்சு வார்த்த இல்ல மேடம். பெரியவங்க எத்தினி வாட்டி உக்காந்தும் நடக்கல. நீங்க 'கண்ணு'ன்னு கூப்பிட வெச்சிட்டீங்க. ஊருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

நோட்டு

ஆனதற்கும் அந்தக் 'கண்ணு'வுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த மாதமே ஏரியில் படகுகள் மோதிக்கொண்டன. செல்வியின் தம்பிக்கு மண்டை உடைந்தது. அவனுக்குத் துணையாக அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று ஞாயிறு வரவில்லை. தேர்வுக்காக முரணையும் உருவகத்தையும் நான் மறுபடி நடத்திய வாரங்கள் அவை. பெஞ்சின் ஒரு முனை காலி. மறுமுனையில் கலா என்றுமில்லாமல் வரிக்கு வரி எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஒரு நோட்டை என் மேஜையில் வைத்தாள். "நீங்க எழுதினதா சொல்லி அவளுக்குக் குடுத்துடுங்க மேடம்" என்று பெஞ்சின் காலி முனையைக் காட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நோட்டில் முரணுக்கு உருவகத்தின் விளக்கமும், உருவகத்துக்கு முரணின் விளக்கமும் இருந்தன. திருத்த எனக்கு மனம் வரவில்லை. செல்வி திரும்பி வந்த அன்று கொடுத்தேன். அவள் முதல் பக்கத்தில் விரலை வைத்து, எழுத்தைத் தடவினாள். தினமும் லைனில் சோதனைச் சீட்டில் பார்க்கிற எழுத்தாயிற்றே! நான் பொய்க்குத் தயாராக வாயைத் திறந்தேன்.

"யாரு எழுதினதுன்னு நான் கேக்கல மேடம். நீங்களும் சொல்ல வேணாம்."

சாவு ஊடு

கடைசி அங்கத்தை நடத்தி முடித்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் பிணங்களுக்கு முன்னால் இரண்டு தகப்பன்களும் கைகோத்துக்கொள்கிறார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கலா புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"சாவு ஊட்டுக்கு எவன் வேணாலும் வருவான் மேடம். கல்யாணத்துக்கு வந்திருக்கணும்."

திருவள்ளூர் ரோடு

தேர்வு திருவள்ளூரில் ஒரு பள்ளியில், காலை பத்து மணிக்கு. அதற்கு முந்தைய வாரம் தகராறு முற்றி, செல்வியின் குப்பத்துக்காரர்கள் கலாவின் குப்பத்தைத் தாண்டி வர முடியாமல் போயிற்று. வெளியே வர இருப்பதோ அந்த ஒரே ரோடு. "வர முடியாது மேடம், அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்று செல்வி போனில் சொல்லிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்ட தேர்வு. டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்ற ஒரே கனவில் இருந்தவள்.

பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு வெயிலும் புழுதியும் கலந்த ஒரு வெளிச்சத்துக்குள்ளிருந்து ஸ்கூட்டர் ஒன்று மிதந்து வந்தது. ஓட்டி வந்தவள் கலா. பின்னால் செல்வி. இருவரும் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தார்கள். காலை ஏழரைக்கெல்லாம் கலா எதிரிக் குப்பத்து முனைக்குப் போய் ஹாரன் அடித்திருக்கிறாள். பிறகு செல்வியை உட்காரவைத்து, தன் குப்பத்து ஆண்கள் வலை உதறிக்கொண்டிருந்த தெரு வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். யாரோ "யாரது பின்னால?" என்று கத்தியதற்கு வண்டியை நிறுத்தவில்லை. இரண்டு மணி நேரப் பயணம். "வழியில பேசினீங்களா?" என்று ஆசையாகக் கேட்டேன். செல்வி துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"பேசல மேடம். கீழ வுழாம அவள கெட்டியா புடிச்சிகினு வந்தேன்."

அடித்த பக்கம்

செல்வி தேறினாள். முனிரத்தினமும் தேறினார். கலா நாலு மார்க்கில் தவறிவிட்டாள். "முரணுக்கு உதாரணம் கேட்டிருந்தானே, அதையாவது எழுதக் கூடாதா?" என்று ஆற்றாமையில் கோபப்பட்டேன். எழுதினாளாம். தன் பேரையும் செல்வி பேரையும் வைத்து ஒரு பக்கம் எழுதிவிட்டு, திருத்துகிறவர் எந்த ஊரோ என்று பயந்து முழுக்கக் கோடு போட்டு அடித்துவிட்டாளாம்.

மறுதேர்வு வகுப்பு தொடங்கியது. குப்பங்களுக்குள் இன்றுவரை சமாதானமில்லை. ஆனால் முதல் ஞாயிறே செல்வி வந்து நின்றாள். பாஸான பிறகு உனக்கென்ன இங்கே வேலை என்று கேட்டேன். அவள் கலாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"மேடம், அடுத்த தபா அந்தப் பக்கத்த அடிக்க வேணாம்னு அவகிட்ட சொல்லுங்க."

ஆண்டு முடிவில் மையம் கொடுத்த படிவத்தில் 'இப்பாடத்தால் மாணவர் அடைந்த பயன்' என்ற ஒரு வரிக் கட்டத்துக்குள் 'மொழித்திறன் மேம்பாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், வேறென்ன எழுதியிருக்க முடியும் சொல்லுங்கள்.