மணலி ரோட்டில் வெளுத்துப்போன டயர்

காலை பதினொரு மணிக்கு தேவா காரோடு திரும்பி வந்து நின்றபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது டயர்தான். எட்டரை மணிக்கு என் வாட்டர் வாஷ் கடையிலிருந்து கன்னங்கரேலென்று போன டயர், மாவில் புரட்டின மாதிரி சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. வெள்ளை காரின் நான்கு கதவிலும் அடிப்பக்கம் கருப்புக் கருப்பாகப் புள்ளி.

"இன்னாக்கா பண்ணி வச்சிக்கிற?" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

தேவா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் டிரைலர் ஓட்டியவன். அதை விட்டுவிட்டு சொந்தமாகக் கார் எடுத்து, மணலியில் ஒரு கம்பெனிக்கு அதிகாரிகளை ஏற்றி இறக்கும் வண்டியாகச் சேர்க்கப் போயிருந்தான். அன்றைக்குத்தான் வண்டியைக் காட்டும் நாள். டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ஒரு சுற்று சுற்றிவிட்டு, இந்தக் கோலத்தில் ஏர்போர்ட்டுக்கு அனுப்ப முடியாது, நாலு மணிக்குள் சரிசெய்து கொண்டுவா, இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இந்த வாய்ப்பு போனால் அவனுக்கு மறுபடியும் டிரைலர்தான்.

நான் செய்த கலப்படம்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். டயருக்கு நான் போட்டது கடையில் வாங்கிய பாலிஷ் இல்லை. சிலிக்கான் ஆயிலில் டீசலைக் கலந்து கேனில் வைத்திருந்தேன். டேங்கர் லாரி ஓடுகிற எங்கள் பக்கத்தில் டீசலுக்கா பஞ்சம்? பல வாட்டர் வாஷில் இதுதான் நடக்கிறது. ஒரு துடைப்பு துடைத்தால் டயர் ஈரமாக மின்னும். கஸ்டமர் வாயைப் பிளப்பார். அவர் தெரு முனை தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்று நாம் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அது காயவே காயாது. சக்கரம் சுற்றும்போது தெறித்து பாடியில் அடிக்கும். மணலி, வள்ளூர் பக்கம் ரோட்டில் நிலக்கரித் தூளும் சாம்பலும் கிடக்கிறது, எண்ணெய் டயரில் அப்படியே ஒட்டும். டீசல் ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். இது எல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் செய்தேன்.

திரும்பச் செய்தது

முதலில் பாடியை ஷாம்பு போட்டுக் கழுவி, புள்ளிகளைத் துணியால் எடுத்தேன். பிறகு டயர். கிளீனர் அடித்து, கட்டை பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரை காப்பி நிறத்தில் வந்தது. கழுவி மறுபடி தேய்த்தேன். மூன்றாவது தடவைதான் நுரை வெள்ளையாக நின்றது. நுரை வெளுக்காமல் எந்தப் பாலிஷையும் போடாதீர்கள், அழுக்கின் மேல்தான் உட்காரும்.

துணியால் துடைத்து, காற்றடித்து ஈரத்தை விரட்டி, நன்றாகக் காயவிட்டேன். அப்புறம் கடையில் வாங்கிய, எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் செய்த பாலிஷ், பால் மாதிரி வெள்ளையாக இருக்குமே, அது. ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, டயரின் பக்கவாட்டில் மட்டும். ரோட்டைத் தொடுகிற பட்டன் பக்கம் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, பிரேக் போட்டால் வழுக்கும். பைக் டயருக்கு எந்தப் பாலிஷும் வேண்டாம், சாய்கிற வண்டி அது. மெல்லிசாக ஒரு கை, பத்து நிமிஷம் கழித்து இன்னொரு கை, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். ஸ்பிரேயை நேராக டயரில் அடித்தால் பிரேக் டிஸ்க் மேலும் படும். அப்படி அடிப்பவன் கையைத்தான் ஒடிக்க வேண்டும்.

தேவா பார்த்துவிட்டு, "காலைல மாதிரி மின்னலியேக்கா" என்றான்.

"மின்னாது. ஏறு, நானும் வரேன்" என்றேன்.

வந்ததும் என்னைக் கேட்டாலும், ரோடு எண்ணெயும் தூசியுமாகக் கிடந்ததால்தான் டயர் இப்படி ஆனது என்று அதற்குள் அவனே முடிவுகட்டியிருந்தான். அப்படியே விட்டிருக்கலாம். சாத்தாங்காடு தாண்டும்போது கேன் சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டேன்.

"உன்ன நம்பித்தானேக்கா வண்டிய வுட்டேன்" என்றான்.



கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் குனிந்து டயரில் விரலைத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. கதவின் அடிப்பக்கத்தையும் பார்த்தார். "இப்படி இருந்தா போதும்பா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஏர்போர்ட்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டயர் புதுசு மாதிரி இருந்தால் போதும், நனைந்த மாதிரி இருக்க வேண்டாம். வண்டி எந்த ரோட்டில் போகிறது என்று கேட்டுவிட்டு பாலிஷை எடுங்கள்.

தேவா இன்னும் என்னிடம்தான் வண்டி கழுவுகிறான். ஆனால் வந்ததும் பாலிஷ் பாட்டிலைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறான். மற்ற கஸ்டமர் முன்னாலும் அப்படித்தான் செய்கிறான். நான் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவள். அதற்கு மட்டும் கோபப்படுவதில்லை, பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.