முழுப்பேர்

அந்த விளையாட்டின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதிப் பலகை வைக்க முடியாது. எழுதினால் எங்கள் பக்கத்தில் அது கெட்ட வார்த்தை. கடை திறந்த புதிதில் பெயர்ப்பலகை எழுத வந்தவர், நான் சொன்னதைப் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அதனால் பதுளை பஜாரில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் என் கடைக்குப் 'பில்லியட்' என்று பெயர் வைத்தேன். பில்லியட் வேறு, இது வேறு என்று விவரம் தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். தெரியும் ஐயா, ஆடுவதாக இருந்தால் ஆடுங்கள் என்பேன்.

மேசைகள் இரண்டு. பண்டாரவளையில் மூடிப்போன ஒரு ஹோட்டலில் இருந்து லொறியில் ஏற்றி வந்தவை. பச்சைத் துணி, ஆறு பொக்கட், நம்பர் போட்ட பந்துகள், நீளக் குச்சிகள். மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்துப் பந்து நகராது. மழை இல்லாத காலத்தில் ஆட்கள் நகர மாட்டார்கள். கீழே துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நானா என்று கூப்பிடுவோம், அவர்தான் கட்டட முதலாளி. பந்து விழும் சத்தத்தை வைத்தே என் பிழைப்பை அளந்துவிடுவார். "என்ன தம்பி, இன்னைக்கு மேல சத்தத்தையே காணோம்?" என்று படியடியில் நின்று கேட்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் எனக்கு அவரைப் பிடிக்காது.

என் மனைவியின் தம்பி நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். நானும் அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான். டவுனுக்கு இறங்கி வந்து வெகுகாலம் ஆகிறது. மாப்ள என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்க டவுனுக்கு வருகிறவன் என் கடைக்கு ஏறி வந்து, ஒரு மூலையில் நின்று பார்த்து, பிறகு குச்சியைத் தொட்டு, பிறகு அதை விடவே இல்லை. அவன் ஆடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நான் சொந்தமாக இரண்டு மேசை வைத்திருக்கிறேன், அவன் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறான், ஆனாலும் அவன் நினைத்த இடத்தில் பந்து விழுகிறது. பதுளையில் அவனை வென்றவன் கிடையாது. கொழும்பிலிருந்து பக்கத்து எல்ல ஊருக்குச் சுற்றுலா வந்த பையன்கள் சிலர் ஒருமுறை மழைக்கு ஒதுங்கி என் கடைக்கு வந்து, அவனோடு ஆடித் தோற்று, அவன் எந்தக் கிளப்பில் ஆடுகிறவன் என்று என்னிடம் கேட்டார்கள். தேயிலைக் கிளப் என்றேன்.

அந்த மாப்ளதான் ஒருநாள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு வந்து என் மேசை மேல் வைத்தான். கட்டாருக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவனைப் பிடித்திருந்தான். என் மனைவியும் அவனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர்கள் அம்மா, அதாவது என் மாமியார், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். திரும்பி வந்தபோது பிள்ளைகளுக்கு அம்மாவின் முகம் மறந்திருந்தது. இப்போது மாப்ளவுக்கு ஒரு மகள், தவழ்கிற வயசு. "அதே கதையா மறுபடியும்?" என்று மனைவி கேட்டது என்னிடம்தான், நான் ஏதோ கட்டாரைக் கட்டிய மாதிரி.

எனக்கு யோசனை வந்தது அப்போதுதான். எங்கள் ஊவா மாகாணத்தில் ஒரு சுற்றுப்போட்டி. ஒரு நாள் கோப்பை கொடுத்துக் கைதட்டி அனுப்புகிற புத்தாண்டு விளையாட்டு அல்ல. பதுளையில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று, பெரகல சந்தியில் ஒன்று, திரும்பப் பதுளையில் இறுதி ஆட்டம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. வருஷம் பூராவும் ஆட்டம், ஆடுகிறவன் அந்த ஆட்டத்தாலேயே சாப்பிட வேண்டும். வெளிநாடுகளில் அப்படித்தான் நடக்கிறது, போனில் பார்த்திருக்கிறேன். மாப்ளவிடம் சொன்னேன். அவன் சோக்குக் கட்டியைக் குச்சி நுனியில் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "நெசமா நடக்குமா மச்சான்? நடந்தா நான் போகல. தோட்டத்துலயே கெடக்குறேன்."

நடத்திக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது என்று இப்போது யாராவது சொன்னால் அவரோடு சண்டைக்குப் போவேன். வேறு என்ன சொல்வது அந்த முகத்தைப் பார்த்து?

அலைந்து திரிந்து கொழும்பில் ஒரு சத்துப்பானக் கம்பனியைப் பிடித்தேன். மலைநாட்டில் தங்கள் போத்தல் விற்கவில்லை என்று அவர்களுக்குக் குறை. எங்கள் சுற்றுக்கு அவர்கள் ஸ்பொன்சர். இந்தச் சொல்லை வீட்டில் சொன்னதும் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஸ்பொன்சர் என்றால் அரபு நாட்டில் விசா எடுத்துக் கொடுக்கிற வீட்டுக்காரன்.

"எந்த நாட்டு ஸ்பொன்சர்?"

"கொழும்புதான் அத்தை."

"கொழும்புக்கு எதுக்கு ஸ்பொன்சரு? சரி, ஆளு நல்லவனா? வேளைக்குச் சாப்பாடு குடுப்பானா?"

சிரித்தோம். குடுப்பான் அத்தை, பார்சல் கூடக் குடுப்பான் என்றேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

கம்பனியிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர், மரியாதையான ஆள், வாயைத் திறந்தால் பாதி ஆங்கிலம். ஆட்டக்காரர்களை நேரில் அழைக்க வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டார். நமுனுகுலத் தோட்டத்துக் கோயில் பக்கத்து விளையாட்டு மைதானத்தில் ஆட்களைக் கூட்டினோம். என் கடைக்கு வந்து பழகியவர்கள், அவர்களோடு கேரம் போர்டில் மோதியவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை என்று அதிகாரி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கம்பனிக்காரர்கள் வேலை செய்ய மாட்டார்களாம்.

கூட்டம் சலசலத்தது. சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள். ஒருவர் எழுந்து, "சனிக்கெழம வேல இருக்குங்களே" என்றார். அதிகாரி கையை உயர்த்திப் பெரிய மனதோடு சொன்னார்:

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. வர்ற ஒவ்வொருத்தருக்கும் கம்பனி பேர் போடும்."

சலசலப்பு சட்டென்று நின்றது. முன்வரிசையில் இருந்த ஒருவர் நம்ப முடியாமல் கேட்டார்: "முழுப்பேரா, அரைப்பேரா சேர்?"

"முழுப்பேர்தான். அரைப்பேர் போட்டா நல்லாவா இருக்கும்?"

கைதட்டல் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் வரிசையாக நின்று, கொடுத்த வேலையை ஒழுங்காக முடித்தால் முழுப்பேர். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தாலோ, மழை வந்து பாதியில் மலையை விட்டு ஏறினாலோ அரைப்பேர். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் அந்த அர்த்தத்தில்தான் கேட்டிருக்கிறோம். ஆட வருகிறவனுக்கு நாள் சம்பளமும் கம்பனியே கொடுக்கிறது என்றால் இதைவிட வேறென்ன ஸ்பொன்சர் வேண்டும்? அதிகாரிக்குப் பக்கத்தில் நின்ற நானும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மாப்ள கூட்டத்தின் கடைசியிலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

முழுப்பேர் செய்தி மலை தாண்டிப் பரவி, மற்றத் தோட்டத்து ஆட்களும் பட்டியலில் சேர்ந்தார்கள். அந்தச் சனிக்கிழமை காலையிலேயே பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அப்புத்தளைப் பக்கத்திலிருந்து, பெரகல வழியாகக் கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து, எங்கள் நமுனுகுலத்திலிருந்து. தலைக்கு எண்ணெய் வைத்து, திருவிழாவுக்குப் போகிற சட்டை போட்டு வந்திருந்தார்கள். வாசலிலேயே அதிகாரி ஆளுக்கொரு டீ-சேட் கொடுத்தார். முன்னால் போத்தல் படம். பின்னால், முதுகில், அவரவர் பெயர், அழகான எழுத்தில். கமெராக்காரர் படம் எடுத்தார். கீழ்க்கடை நானா மேலே ஏறி வந்து, வாய் கொள்ளாமல் சிரித்து, எல்லோருக்கும் பிளேன்டீ அனுப்பினார். அன்று போல் என் கடையில் பந்துச் சத்தம் கேட்டதில்லை.

பகல் சாப்பாட்டு வேளையில், அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், நிதானமான மனிதர், பார்சலைப் பிரித்துக்கொண்டே அதிகாரியிடம் கேட்டார்.

"சேர், பேர இன்னைக்கே குடுத்துருவீங்களா, இல்ல மாசக் கடைசியிலயா?"

"பேரா? போட்டாச்சே. முதுகுல பாருங்க."

அவர் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரின் முதுகைப் பார்த்தார். ஒவ்வொருவரும் அடுத்தவர் முதுகைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எல்லாப் பேரும் முழுப்பேராகத்தான் இருந்தது.

பிறகு யார் முதலில் கத்தினார் என்று தெரியாது. "சட்டையில பேர் போட்டா உலையில அரிசி வேகுமா?" என்று ஒரு குரல். "வேலைக்குப் போயிருந்தா இந்நேரம் பேர் விழுந்துருக்கும்" என்று இன்னொன்று. அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேர் போட்ட சட்டை கிடைத்தால் ஒரு நாள் வேலையை விட்டு வருவார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவரை ஓரமாக இழுத்துப் போய் நான்தான் விளக்கினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. படியில் நின்று கொழும்புக்குப் போன் பேசினார், முழுக்க ஆங்கிலத்தில். திரும்பி வந்தவர் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: விளையாட வந்தவர்களுக்கு எதற்குக் கூலி என்று மேலே கேட்கிறார்களாம். மேலே இருக்கிறவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

ஆட்கள் என்ன செய்வார்கள்? தோட்டத்தில் பேர் வெட்டினால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். குச்சிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிலும் தரையிலும் உட்கார்ந்துவிட்டார்கள். சத்துப்பானக் கம்பனியின் முதல் சுற்றில், கமெராவுக்கு முன்னால், வேலைநிறுத்தம். நான் என் கையிலிருந்து தருகிறேன் என்றேன். "ஒங்ககிட்ட யாரு கேட்டா?" என்று கோபித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் டீ-சேட்டோடு போனார்கள். சிலர் கழற்றி மேசை மேல் போட்டுவிட்டுப் போனார்கள். நானா கீழே நின்று, ஏன் இறங்குகிறீர்கள், ஏன் இறங்குகிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டார்.

மாப்ள மட்டும் போகவில்லை. அவனுடைய ஆட்டம் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்திருந்தோம். எதிராளி பஸ் ஏறிவிட்டான். "நான் ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த சட்டைகளை எடுத்து நாற்காலியில் வைத்தான், பந்துகளை முக்கோணத்தில் அடுக்கினான், குனிந்தான். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் போட்டான். அவசரப்படவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கமெராக்காரர் பெட்டியைப் பூட்டிவிட்டிருந்தார். அதிகாரி ஒருவர்தான் கைதட்டினார். "இவர் மட்டும் கொழும்புல இருந்திருந்தா..." என்று என்னிடம் ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

மாப்ள குச்சியைத் துடைத்து வைத்துவிட்டு அவரிடம் வந்தான்.

"சேர், இதுக்கு அரைப்பேராவது உண்டா?"

கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்துகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

சில நாள் கழித்து அதிகாரி போனில் கூப்பிட்டார். "இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கோம் அண்ணன்" என்றார். இப்போதைக்கு என்ற சொல்லை எங்கள் மலைகளில் யாரிடமும் சொல்லக்கூடாது. இப்போதைக்கு என்று போட்ட தகரக் கொட்டகைக்குள் ஆட்கள் பிள்ளை பெற்று, வளர்த்து, கல்யாணமும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வேறு கதவுகளையும் தட்டிப் பார்த்தேன். ஒரு போன் கடைக்காரர் தோட்டத்து ஆட்கள் என்றால் கலாட்டா செய்வார்களாமே என்றார். ஓர் அரசியல்வாதி தன் படத்தை மேசையைவிடப் பெரிதாகப் போடச் சொன்னார். அதற்கும் சரி என்றேன். அதற்குப் பிறகு அவரும் போன் எடுக்கவில்லை.

மாப்ள ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான், ஆடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஸ்பொன்சர் கெடச்சிருச்சு மச்சான்" என்றான்.

பதுளை பஸ் நிலையத்தில் வழியனுப்பினோம். மகளை வாங்கி வாங்கி முத்தம் கொடுத்தான். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, பஸ் ஹோர்னுக்குச் சிரித்தது. மாமியார் இந்த முறை, ஆளு நல்லவனா என்ற அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கு யாராவது என்னைத் திட்டினால் தேவலை போல இருந்தது. யாரும் திட்டவில்லை.

போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில், அங்கே விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை, வீடியோவில் கூப்பிட்டான். நாங்கள் எல்லோரும் என் கடையில் மேசையைச் சுற்றி நின்றோம். மகளை மேசை மேல் உட்கார வைத்தோம், அது பந்துகளை உருட்டிக்கொண்டிருந்தது. நீலச் சட்டை போட்டிருந்தான். எப்படி இருக்கிறாய் என்றேன்.

"நல்லாருக்கேன் மச்சான். இங்கயும் சட்டை குடுத்துருக்காங்க. முதுகுல பேர் போட்டுத்தான் இருக்கு."

திரும்பிக் காட்டினான். கம்பனியின் பெயர். அதற்குக் கீழே ஒரு நம்பர்.

மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஸ்பொன்சர் நல்லவனாய்யா?"

"இன்னும் கண்ணுல பாக்கலம்மா" என்றான். "ஆனா ஒன்னும் கவலப்படாத. முழுப்பேர் போடுறாங்க."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது போதும் சாமி என்றார். பிள்ளை உருட்டிய பந்து ஒன்று பொக்கட்டில் விழுந்தது. கீழேயிருந்து நானா, "என்ன தம்பி, ஆட்டம் நடக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.