செல்வியின் உள்ளங்கால்

குழந்தை வளர்ச்சியைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்துவிட்டு, என்னை நானே அரை வைத்தியனாக நியமித்துக்கொண்டவன் நான். 1991-ல் மண்ணூர் பால்வாடியில் நர்சம்மா நடத்திய மருத்துவ முகாமுக்கு வலியப் போய் உதவினேன். பிள்ளைகளை நடக்கவிட்டுப் பார்த்து, உள்ளங்காலை ஊசிமுனையால் லேசாகத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று அட்டையில் எழுத வேண்டும். எல்லாரும் வீறிட்டுக் காலை இழுத்துக்கொண்டார்கள். மூன்று வயது செல்வி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முள்ளு குத்திகினாகூட அழாது சார் இது," என்றாள் அவள் அம்மா, பெருமையாக.

நானும் பூரித்துப்போய், அட்டையில் 'தைரியசாலி' என்று எழுதி, ஒரு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டே மாதத்தில், மரத்துப்போயிருந்த அந்தக் காலில் முள் ஏறிச் சீழ்பிடித்து, இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி கட்டுப் போட்ட காலை ஆட்டிக்கொண்டே என்னிடம் பிஸ்கட் கேட்டாள்.

வெளியே வந்து, நர்சம்மாவிடம் இனி எந்த முகாமுக்கும் வரமாட்டேன் என்றேன்.

"வாங்க சார்," என்றார் அவர். "பெஞ்சு தூக்கிப் போட ஆள் இல்லை."