இருபத்தேழில் நான் விட்ட ஒன்று

இருபத்தேழு எனக்குப் பிடித்த எண்ணாக இருந்தது. மூன்றை மூன்றாலும் பிறகு மறுபடி மூன்றாலும் பெருக்கினால் வருவது. அதையே முப்பத்தேழால் பெருக்கினால் மூன்று ஒன்பதுகள் வரிசையாக நிற்கும். நிலவு வானத்தைச் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தேழு நாள்; அதனால் நட்சத்திரங்களும் அத்தனை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம் என்றால் நூற்றெட்டு. சேலத்தில் கணிதம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய புதிதில் கேட்காதவர்களிடமும் இதையெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நாற்பதுகளின் தொடக்கம் அது. என் தங்கைக்கு மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தார் எங்கள் அத்தையின் கணவர். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போயிருந்தபோது தங்கை அந்தப் பையனைப் பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஜோசியரிடம் போகுமுன் தினப்பொருத்தத்தை வீட்டிலேயே பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து பையனுடையது வரை எண்ணி ஒன்பதால் வகுக்க வேண்டும். மீதி இரட்டைப்படையாக வந்தாலும், மீதியே இல்லாவிட்டாலும் நல்லது. ஒற்றைப்படை ஆகாது. தங்கை ரோகிணி, பையன் ரேவதி.

"விரல் வுட்டு எண்ணிடலாமா?" என்றார் மாமா.

"விரல் எதுக்குங்க மாமா? ரேவதி இருபத்தேழாவது, ரோகிணி நாலாவது. கழிச்சா இருபத்திமூணு. ஒன்பதால வகுத்தா மீதி அஞ்சு. ஆகாதுங்க."

"பென்சில்கூட எடுக்காம ஒரு கல்யாணத்தக் கலைச்சிட்டானே மச்சான் உங்க பையன்!" என்று மாமா சிரித்தார்.

"படிச்சவன் சொல்றான். வேணாம்னு சொல்லிடுங்க மாப்ள" என்றார் அப்பா.

சமையற்கட்டு வாசலில் தங்கை வந்து நின்றாள். "அண்ணா, எனக்கு இருபத்திநாலு வருது. ரெண்டு சுத்து சரியா முடியுது, பாருண்ணா."

கையை நீட்டிக் கட்டைவிரலால் எண்ணிக் காட்டினாள். நான்கு விரல், விரலுக்கு மூன்று கோடு, ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. கட்டைவிரல் ரோகிணி என்று முதல் கோட்டில் பட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தொடங்கும் நட்சத்திரத்தையும் ஒன்றாக எண்ண வேண்டும். கழித்ததில் அந்த ஒன்றை விட்டிருந்தேன். இருபத்திநாலு, மீதி ஆறு. நல்ல பொருத்தம்.

நான் சொன்னது இது: "அஞ்சாங்கிளாஸோட நின்னவ எனக்குக் கணக்கு சொல்லித் தரியா? போய்க் களியக் கிண்டு, அடிபுடிக்கப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் விரல்களை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாமா மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். புளியமரத்து வளைவு வரை அவர் குடை தெரிந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பி வந்திருப்பார். நான் கொடுக்கவில்லை.

மறு வருஷம் ஓசூர் பக்கம் கட்டிக்கொடுத்தோம். ஜோசியர் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்றார். அவள் கணவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவளோடு அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து அவள் மகளுக்கு வரன் வந்தது. "நான் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணா. உன்னுது பெரிய கணக்கு. எங்களுக்கு விரலே போதும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கட்டைவிரலை முதல் கோட்டில் வைத்து எண்ணத் தொடங்கினாள்.

அன்றைக்கு உன் கணக்குதான் சரி என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் எண்ணி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். இன்னும் அதைச் சொல்லவில்லை.