பத்துக்கு ரெண்டு

காதில் அடைக்கக் கொஞ்சம் பஞ்சுகூடத் தராத மில்லில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியதில் தறிக்காரருக்குக் காது போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலையும் போய்விடும். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக் காலம் தள்ளினார்.

அதே மில்லின் கிடங்குக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. உயிர்ச் சிநேகிதர்தான், ஆனால் ஓட்டை வாய்.

கிடங்கு ரேடியோவில் பாடும் ஒரு பாட்டைத் தினமும் பதிவுசெய்து அவர் இவருக்குப் போனில் அனுப்புவார். மதியச் சாப்பாட்டுக்குள் இவர் மார்க் போட வேண்டும். இவருக்குக் குத்துப் பாட்டு, அவருக்குச் சோகம். "நீ அனுப்புறதெல்லாம் எழவு வீட்டுப் பாட்டுய்யா" என்று வருஷக்கணக்காகச் சண்டை. அதனால் காது போன பிறகும் தீர்ப்புக்குக் கஷ்டமில்லை: "ஒரே அழுகை. பத்துக்கு ரெண்டு." ஒரு நாளும் மாட்டிக்கொண்டதில்லை.

அன்று காலை பதிவு வந்ததும் அதையே தட்டிவிட்டுத் தறிக்குத் திரும்பினார். மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, கிடங்குக்காரர் மூட்டைகளுக்கு நடுவே செத்துக் கிடந்தார்.

சாயங்காலம் அவர் வீட்டில், மகள் அப்பாவின் போனைத் தறிக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டி, காலையில் போன பதிவை ஓடவிட்டாள்.

"மாப்ள, நெஞ்சு அடைக்குது. எழுந்திருக்க முடியல. சீக்கிரம் வாய்யா."

கூடமே தறிக்காரரைத் திரும்பிப் பார்த்தது. எல்லோர் கண்ணிலும் நீர். இந்த ஒரு முறையாவது சிநேகிதன் ஜெயிக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"நல்ல பாட்டும்மா," என்றார். "பத்துக்குப் பத்து."